பலகைக்கு அந்தப் பக்கம்

...சுவர் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது, போன வாரம் மருதப்பன் அண்ணன் இதே நாற்காலியில் உட்கார்ந்து "புது வீட்டுல அவ சுவத்தோட பேசுறா தங்கச்சி" என்று சொன்னபோது, சுவருக்கு இங்கிலீஷில் இருக்கிற சொல்லை எடுத்து மிஸ் லிம்மின் முன்னால் வைத்துவிட்டேன், சொல் சரிதான், எந்த அகராதியும் என்னைக் குற்றம் சொல்லாது, ஆனால் மேசையைத் தாண்டி அந்தப் பக்கம் போவதற்குள் அது வேறு என்னவோ ஆகிவிட்டது. மிஸ் லிம் முன்னால் சாய்ந்து, சுவர் பதில் சொல்கிறது என்றும் நினைக்கிறாளா, என்று கேட்டார், அதையும் நான் தமிழில் கேட்டேன், அண்ணன் கொஞ்சம் யோசித்து "ஆமா, தட்டுறாங்க, பதில் சொல்றாங்கங்கிறா" என்றார், அதையும் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன், என் வேலை அதுதானே, இந்த ஆலோசனை நிலையத்தில் தமிழ் பேசுகிறவர்கள் சொல்வதை மிஸ் லிம்முக்கும் மிஸ் லிம் சொல்வதை அவர்களுக்கும் சொல்வது, கூட்டாமல் குறைக்காமல்... கூட்டாமல் குறைக்காமல் சொன்னதில் அவர் மனைவி பூவம்மா அக்கா பைத்தியமாகிவிட்டார். இன்று கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பது, அக்கா வாய் திறக்காவிட்டால் திங்கட்கிழமை மனநோய் டாக்டரிடம் அனுப்புவது, அப்படித்தான் காலையில் மிஸ் லிம் சொன்னார், வருத்தத்தோடுதான் சொன்னார். டாக்டர் பார்ப்பார், பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வார்கள், அங்கே யாருக்குத் தமிழ் தெரியும், அங்கேயும் அக்கா சுவரோடு பேசினால்...

கீழே மிளகாய் அரைக்கிற மிஷினைப் போட்டுவிட்டார்கள். டன்லப் ஸ்திரீட்டில் இந்த மாடி வாடகைக்குக் கிடைத்தபோது கீழே மசாலா மில் இருப்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லையாம், இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் அறையில் யார் துக்கத்தால் அழுகிறார்கள், யார் நெடியால் அழுகிறார்கள் என்று சொல்ல முடியாது, மிஸ் லிம்முக்கே கண் கலங்குகிறது, அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆறுதல் சொல்லும்போது வந்தவர்களுக்கு, பாவம் இந்தச் சீனத்து மிஸ்ஸி நமக்காக அழுகிறாளே என்று மனம் இளகிவிடுகிறது, எங்கள் நிலையத்தின் நல்ல பெயரில் பாதி அந்த மில்லுக்குச் சேர வேண்டும். அவர்கள் படியேறி வந்தார்கள், முன்னால் அவர், துறைமுகத்துச் சட்டையோடு, பின்னால் அக்கா, கையில் ஒரு தூக்குச்சட்டி. சாப்பாடா? ஆலோசனைக்கு வருகிறவர்கள் சாப்பாடு கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. அக்கா அதைக் காலடியில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். மிஸ் லிம் மூன்று நாற்காலிகளை முக்கோணமாகப் போட்டிருந்தார், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி, அது சீமையில் படித்த முறை, என் நாற்காலி மட்டும் முக்கோணத்துக்கு வெளியே, கொஞ்சம் பின்னால், குரல் மட்டும் வர வேண்டும், ஆள் தெரியக் கூடாது. கதவை அவரே போய்ச் சாத்தினார். நல்ல கனமான கதவு, சாத்தினால் மிஷின் சத்தம்கூடப் பாதியாகிவிடும்.

கதவு... எனக்குக் கதவுகள் பிடிக்கும், நான் படிக்கிற கதைகளில் எல்லோருக்கும் ஒரு கதவு இருக்கிறது, வெளியே பனி பெய்யும், உள்ளே ஒருத்தி கதவைப் படாரென்று அறைந்துவிட்டுக் கட்டிலில் விழுந்து அழுவாள், மொழிபெயர்த்தவர் தமிழில் என்ன கஷ்டப்பட்டாலும் அந்தப் படார் சத்தம் நன்றாகவே கேட்கும். எங்கள் வீட்டில், வீடு என்ன, நோரிஸ் ரோட்டு மாடியில் ஓர் அறை, கதவு இருக்க வேண்டிய இடத்தில் திரைச்சீலைதான் இருக்கிறது, அதை எப்படி அறைவது, ஒருதரம் கோபத்தில் அறைந்து பார்த்தேன், அது ஆடிவிட்டுச் சும்மா நின்றது, அடுத்த அறை அப்துல் காதர் மாமா "காத்தா?" என்று கேட்டார். அந்தக் கதைகளில் இன்னொன்றும் உண்டு, ஒருத்தி ஒருவனுடைய கண்ணைப் பார்த்து, "நான் இனி உங்களை நேசிக்கவில்லை" என்று நேராகச் சொல்லுவாள், அவனும் எழுந்து ஒரு பக்கம் முழுக்கப் பதில் சொல்லுவான், நடுவில் யாரும் தண்ணீர் கேட்டு வர மாட்டார்கள். மிஸ் லிம் இப்போது அதைத்தான் கேட்கிறார், அவரைப் பார்த்து நேரே சொல்லச் சொல்லுங்கள் லீலா, உன்மேல் எனக்கு என்ன வருத்தம் என்று. நான் சொன்னேன், "அக்கா, அண்ணனைப் பாத்து நேரா சொல்லுவீங்களாம், என்ன மனவருத்தம்னு." அக்கா மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். அண்ணன் தன் செருப்பைப் பார்த்தார். மிஸ் லிம் காத்திருந்தார், காத்திருப்பதும் அவர் படித்த முறையில் ஒன்று, மௌனத்தைக் கலைக்கக் கூடாது, அது பழுக்கும் என்பார்... இது பழுக்கவில்லை, கல்லாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று மிஷின் அரைத்தது. வாயைத் திறங்க அக்கா, எதையாவது சொல்லுங்க, உப்பு புளி என்றாவது சொல்லுங்க, நான் அதை அழகாக்கிச் சொல்லிவிடுகிறேன்... சொல்லலாமா அப்படி? கூடாது. ஆனாலும் சொல்லுவேன்.

அந்த மௌனத்தில்தான் எனக்கு அம்மாவின் நினைப்பு வந்தது, சம்பந்தமே இல்லாமல், காலையில் குழாயடியில் துணி அலசிக்கொண்டு அம்மா குழாயைப் பார்த்துச் சொன்னது, "சிலபேரு கல்யாணம் ஆன பெறகும் வேலைக்குப் போவாங்களாம், புருசன் பானையத் தொறந்து பாத்துட்டு மூடி வெச்சுக்குவானாம்." குழாய்க்கு அந்தப் பக்கம் காதர் மாமாவின் மனைவி சாயிரா மாமி, "படிச்ச பிள்ளைங்க அப்படித்தான் இருக்கும்க்கா, பானையையும் படிச்சே நெரப்பிரும்" என்றார், நான் திரைச்சீலைக்குப் பின்னால் ஜடை பின்னிக்கொண்டிருந்தேன், ஒரு சொல் விடாமல் என்னிடம் வந்து சேர்ந்தது, என்னிடம் சேர்வதற்காகத்தான் அது குழாயிடம் சொல்லப்பட்டது, நானும் பதிலுக்குச் சீப்பைப் பார்த்து, "பானை நெறஞ்சா சரிதானே, யாரு நெரப்புனா என்ன" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அம்மா குழாயோடு பேசினார். நான் சீப்போடு பேசினேன். எங்களை யாரும் டாக்டரிடம்... எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்துவிட்டது, மிஸ் லிம் திரும்பிப் பார்த்தார், நெடி என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம், அதற்குப் பதில் நான் என் வேலையில் இல்லாத ஒன்றைச் செய்தேன், யாரும் கேட்கச் சொல்லாத ஒரு கேள்வியை நானாகக் கேட்டேன். "அக்கா, நீங்க முன்னாடி இருந்த வீட்டுல, சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருந்தா?"

அக்கா விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். "சுவரு ஏது தங்கச்சி, பலகதான். அந்தப் பக்கம் சம்சுக்கா." சம்சுன்னிசாவைத்தான் அப்படிச் சொன்னார், சொன்னதும் முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது. பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடி, ஏழு குடும்பங்கள், நடுவில் பலகைத் தடுப்பு, பலகை கூரை வரைக்கும்கூடப் போகாது, மேலே ஒரு முழம் இடைவெளி, அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும், சம்சுக்காவும் அவர் புருஷன் அப்துல் மஜீதும் அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம், ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து. "சோறு வடிச்சாச்சுக்கான்னு சொன்னா, அவுங்களும் அந்தப் பக்கம் வடிச்சாச்சும்மாம்பாங்க, இவுங்க எந்திரிச்சு வந்து தட்டு முன்னாடி உக்காந்துருவாங்க." இவுங்க என்கிறபோது தலை மட்டும் அண்ணன் பக்கம் ஓர் அங்குலம் திரும்பியது. அப்படியென்றால் அக்கா கணவனைச் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லையா? இல்லை. எப்படிக் கூப்பிடுவது, பெயர் சொல்லியா? குழந்தை இருந்தால் குழந்தையிடம் சொல்லலாம், இன்னும் இல்லை. குவீன்ஸ்டவுனில் புது ஃபிளாட் கிடைத்தது, இரண்டு அறை, தனிக் குழாய், தனிக் கக்கூஸ், கூரை வரைக்கும் சிமென்டுச் சுவர், அக்கா முதல் நாள் சோற்றை வடித்துவிட்டு வழக்கப்படி சுவரைப் பார்த்து "சோறு வடிச்சாச்சு" என்று சொன்னார், பதில் இல்லை, கொஞ்சம் உரக்கச் சொன்னார், பதில் இல்லை, இன்னும் உரக்கச் சொன்னபோது அந்தப் பக்கம் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஒரு சீனர் சுவரில் இரண்டு தட்டு தட்டினார். "தட்டுறாங்களே, அப்பாடா ஆளு இருக்குன்னு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா தங்கச்சி."

இதையெல்லாம் நான் மிஸ் லிம்முக்குச் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்தை இல்லை, இந்த முறை கூட்டித்தான் சொன்னேன், பலகை என்றால் என்ன, ஒரு முழம் இடைவெளி என்றால் என்ன, ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவரிடம் சொல்லி அவரைக் கேட்கவைப்பதற்கு எங்களிடம் ஜாடைப் பேச்சு என்று ஒரு பெயர் உண்டு, இங்கிலீஷில் அதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை என்பது வரைக்கும். மிஸ் லிம் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நெடிதான். பிறகு மெதுவாகச் சிரித்தார். சைனா டவுனில் அவருடைய அம்மா கோழியைத் திட்டுவாராம், தினமும், நேரம் தவறி வீட்டுக்கு வருகிற கோழி, சம்பளத்தைக் கொண்டுவந்து தராத கோழி, அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்து போவாராம், வெகு நாள் வரை கோழிக்கு எதற்குச் சம்பளம் என்று இவருக்குப் புரியவே இல்லையாம். சீமையில் இதை யாரும் சொல்லித் தரவில்லை, என்றார். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம், எழுந்து வந்து என் நாற்காலியைத் தூக்கி அவர்கள் இருவருக்கும் நடுவில் போட்டார், நேராக இல்லை, ஜன்னலைப் பார்த்து, என் முதுகுதான் அவர்களுக்குத் தெரியும், தன் நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நீங்கள் எதையும் மொழிபெயர்க்க வேண்டாம் லீலா, சும்மா இருங்கள், என்றார். சும்மா இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே எதிர் மாடியில் யாரோ மூங்கில் கழியில் வேட்டி காயப் போட்டார்கள். நான் ஒரு பலகை, எனக்கு மேலே ஒரு முழம் இடைவெளி...

"பாத்தியா தங்கச்சி" என்று அக்கா ஆரம்பித்தார், குரல் பழைய வீட்டுக் குரலாகத்தான் இருக்க வேண்டும், அறை நிறைந்தது, "புது வீட்டுக்கு வந்ததுலேருந்து சிலபேருக்கு வீட்டுச் சோறு எறங்கல. வெளிய வராந்தாவுல போய் நின்னுக்கிறாங்க. எவ கையால சாப்பிட்டு வர்றாங்களோ." மறுபக்கத்தில் அண்ணனின் நாற்காலி கிறீச்சிட்டது. "தங்கச்சி, தொறமொகத்துக் கேன்டீன்ல மலாய்க்காரக் கெழவர் கையால சாப்பிடுறேன்னு சொல்லும்மா. அவருக்குப் பல்லுகூட இல்லன்னு சொல்லு." "ஏன் அங்க போய்ச் சாப்பிடணுமாம்?" "யாராச்சும் கூப்புட்டாங்களா சாப்பிட? சுவத்தத்தான கூப்புட்டாங்க. சுவரு சாப்பிட்டுச்சான்னு கேளு." "சுவத்துக்கிட்ட சொன்னா காதுல விழாதா?" "விழுந்துச்சு தங்கச்சி, விழுந்து பயந்துபோயிட்டேன். தனியா நின்னு ஒரு பொம்பள சுவத்தோட பேசுனா பயமா இருக்காதா? அங்க பஃபலோ ரோட்ல இருந்தப்ப அது சம்சு அக்காகிட்ட பேசுற பேச்சு. இங்க..." அவர் நிறுத்திவிட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "புத்தி கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன், நாந்தான ஊருலேருந்து கூட்டியாந்தேன், நாந்தான ஃபிளாட்டுக்கு எழுதிப் போட்டேன், நாந்தான கெடுத்தேன்னு நெனச்சேன், ராத்திரி தூக்கமில்லன்னு சொல்லும்மா." நான் சொல்லவில்லை, பலகை சொல்லாது. அக்கா பக்கம் ஒரு மூக்கு உறிஞ்சல், நெடியா, இல்லை, மிஷின் அந்த நேரம் நின்றுவிட்டிருந்தது. அப்புறம் பித்தளை மூடி திறக்கிற சத்தம், புளிக்குழம்பும் கருவாடும் மணந்தன, "சோறு ஆறுது தங்கச்சி" என்றார் அக்கா ஜன்னலைப் பார்த்து, என்னைப் பார்த்து, என்னைத் தாண்டி.

அண்ணன் எழுந்தார். நான் திரும்பவில்லை, திரும்பினால் கெட்டுவிடும் என்று தெரியும், தூக்குச்சட்டி கை மாறுகிற சத்தம் கேட்டது, மிஸ் லிம் அந்தக் கனமான கதவைத் திறந்துவிட்டார், அண்ணன் படியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார், அப்போதுதான் திரும்பினேன், அக்கா மேல் படியில் நின்றுகொண்டு, மில்லில் மிளகாய் அளக்கிற ஆளைப் பார்த்து "கொழம்புல புளி கொஞ்சம் தூக்கலு" என்றார், கீழேயிருந்து, வாய் நிறையச் சோற்றோடு, "சரியாத்தான் இருக்கு" என்று அண்ணன் மிளகாய் மூட்டையிடம் சொன்னார். டாக்டர் வேண்டாம், திங்கட்கிழமை இல்லை, அடுத்த சனிக்கிழமை வரட்டும், என்றார் மிஸ் லிம். போகும்போது அக்கா என் கன்னத்தைத் தொட்டு "இந்த நாக்காலிய அப்படியே போட்டு வைங்க, வர்றோம்" என்றார். அவர்கள் போன பிறகு மிஸ் லிம் வெகு நேரம் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் எத்தனை சனிக்கிழமை சுவராக இருப்பது லீலா, என்று கேட்டார், சீமைக்காரர்களைப் போல் ஒவ்வொருவரும் ஒரு கதவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள், மாதா மாதம் ஓர் அடுக்குமாடி புளோக் எழும்புகிறது. சம்சுக்காவுக்கு யாரும் சம்பளம் தரவில்லை, நாற்காலியை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லித் தரவில்லை, சோறு வடித்துக்கொண்டே அவர் பார்த்த வேலை இது. பலகை சுவரானதால் பிறந்த உத்தியோகம் என்னுடையது. அப்படி நினைத்தபோது வருத்தம் வரவில்லை, ஏனோ ஒரு நிறைவுதான் வந்தது, ஒரு பெண் திங்கட்கிழமை தன் வீட்டில் சோறு வடிப்பாள், அதில் என் முதுகுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

சிராங்கூன் ரோட்டில் வெயில் தணிந்திருந்தது, பூக்கடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள், பஸ் நிற்கிற இடத்தில் சுந்தரம் நின்றிருந்தார். எங்களுக்குப் பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது, கோயிலில் தாலி ஆவணியில், அதுவரை நாங்கள் எங்கே போனாலும் அவர் தங்கை பாக்கியலட்சுமியும் வருவாள், என்னோடு படித்தவள், நடுவில் உட்காருவாள், "அண்ணனுக்கு இந்தக் கலர் பிடிக்குமாம்" என்று என்னிடமும் "லீலாவுக்குத் தலவலியாம்" என்று அவரிடமும் சொல்லுவாள், இன்று அவளுக்கு வேலை, வரவில்லை. மெக்பர்சனில் எங்களுக்குக் கிடைத்திருக்கிற ஃபிளாட்டை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. பஸ்ஸில் எங்களுக்கு நடுவில் அவருடைய குடை மட்டும் இருந்தது. வேலையை நான் விடப்போவதில்லை என்று இன்று சொல்லிவிட வேண்டும், இந்த நாற்காலிக்குப் பிறகு அது இன்னும் நிச்சயமாகிவிட்டது, பாக்கியம் மூலமாகப் பாதி சொல்லியாகிவிட்டது, மீதிப் பாதி... அவர் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார், இது கூடம், இது அடுப்படி, இது படுக்கிற அறை, அதற்குக் கதவு, நல்ல கெட்டிக் கதவு. எவ்வளவு நாள் கனவு கண்ட கதவு, அவர் கையில் சுண்டுவிரல் அளவுக்கு இருந்தது. "இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு?" என்று குடையைப் பார்த்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார், பெருமையாக. "அந்தப் பக்கம் யாரும் இல்ல. மூலை வீடு நமக்கு. எல்லாரும் கேட்டாங்க, நமக்குத்தான் கெடச்சுது. அந்தப் பக்கம் வெறும் காத்துதான்."

காற்று. நல்லதுதான், நன்றாக வரும், துணி சீக்கிரம் காயும், எனக்கு அது பிடித்தும் இருந்தது, ஜன்னல் வழியாக இப்போதே கொஞ்சம் வந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தார், அவரைப் பார்த்து, சிலபேரு கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவாங்க, என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, சீனர், தமிழ் தெரியாது, அருமையான பலகை... வேண்டாம். அவர் நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வர மாட்டார். நான் திரும்பினேன். நேராக, முகத்துக்கு முகமாக, அந்தப் பனி நாட்டுப் பெண்களைப் போல. சுந்தரம் என்ன என்பதுபோல் பார்த்தார், நல்ல கண்கள், பொறுமையான கண்கள், காத்திருந்தார். சொல்ல வேண்டியது முழுக்க என் வாயில் தயாராக இருந்தது, முதல் சொல் மட்டும் இல்லை, இவரை நான் எப்படிக் கூப்பிடுவது, பாக்கியம் அண்ணன் என்பாள், அம்மா மாப்பிள்ளை என்பார், நான்... நான் இவரை இதுவரை எப்படியும் கூப்பிட்டதே இல்லை, பஸ் கேலாங் பக்கம் திரும்பியது, குடை சரிந்து என் மடியில் விழுந்தது, நான் வாயைத் திறந்தேன்.